மல்லிகைப் பந்தலில் ஒரு மாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை ஒட்டி வாழ்வோருக்கு இரவு என்பது முழு இருள் அன்று. உருக்காலைகளின் உலைகள் இராப்பகலாய் எரிகின்றன. இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளின் விளக்குகள் விடியும்வரை அணைவதில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளின் ஓட்டமும் ஓய்வதில்லை. காலையில் திண்ணையைப் பெருக்கினால் துடைப்பத்தோடு வருவது பாதி மண், பாதி கரும்பொடி. இத்தகைய ஊரில் பறவை என்று பேச்செடுத்தால் மக்கள் கிழக்கே கை காட்டுவார்கள். அங்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. ஆந்திர எல்லையைத் தாண்டி வடக்கே போனால், நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எங்கள் பங்கின் இளைஞர்கள் ஆண்டுதோறும் வேன் அமர்த்திக்கொண்டு போய்ப் பார்த்து வருகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆயினும் இங்கே நாங்கள் எழுத முற்படுவது வேன் அமர்த்தாமலே, வாசற்கதவைத் திறந்தவுடன் தலைக்கு மேலே நடந்த ஒன்றைப் பற்றி.

நாங்கள் என்றால் மூவர்: பங்குத்தந்தை, உபதேசியார், சமையற்கட்டைக் கவனித்துக்கொள்ளும் அக்காள். பங்கு இல்லத்தின் தோட்டம் பெரிதன்று. வாசலில் ஒரு மல்லிகைப் பந்தல், பக்கவாட்டில் எலுமிச்சையும் கொய்யாவும், கிணற்றடியில் செம்பருத்தி, மதிலோரம் ஒரு முருங்கை. அவ்வளவே. மரங்களின் இலைகளில் எந்நேரமும் ஒரு சாம்பல் பூச்சு இருக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் அவை தம் சொந்த நிறத்தைக் காட்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில், அந்தப் பந்தலுக்குள் இரண்டு குருவிகள் போவதும் வருவதுமாக இருப்பதை முதலில் கவனித்தவர் அக்காள்தான். கொண்டைக்குருவி, எங்கள் பக்கத்தில் சின்னான் என்றும் சொல்வதுண்டு. கருந்தலையில் ஒரு சிறு கொண்டை, உடலில் செதில் செதிலாய்ப் பழுப்பு, வாலின் அடியில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. நாளெல்லாம் ஆட்கள் வந்து போகும் வாசலை அவை ஏன் தேர்ந்துகொண்டன என்று முதலில் வியந்தோம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காகமும் பாம்பும் அண்டத் தயங்கும் என்பது அவற்றின் கணக்காக இருக்கலாம். மனிதனைப் பகையாகக் கருதாமல் காவலாகக் கருதிய அந்தக் கணக்கு எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவும், சற்று அச்சமாகவும் இருந்தது.

நான்கைந்து நாளில் கூடு முடிந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பாதியளவு கிண்ணம். காய்ந்த புல்லும் மெல்லிய வேரும் சிலந்தி வலையும் கொண்டு பின்னியது. இவை எந்த ஊரிலும் உள்ளவை. எங்கள் ஊருக்கென்று அதில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருந்தன: சிமெண்டு மூட்டையிலிருந்து பிரிந்த வெள்ளை இழைகள், ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய செம்புக் கம்பி. எந்த ஆலையின் குப்பையிலிருந்து அதை எடுத்து வந்ததோ! கம்பியை வட்டமாக வளைத்துக் கூட்டின் விளிம்பில் பதித்திருந்த நேர்த்தியைக் கண்டு, வெல்டிங் வேலை தெரிந்த உபதேசியார் சிறிது நேரம் பேசவில்லை.

உபதேசியார் தம் சவரக் கண்ணாடியை ஒரு கோலில் கட்டிப் பறவை இல்லாத நேரம் பார்த்து உயர்த்திக் காட்டினார். மூன்று முட்டைகள். இளஞ்சிவப்பு நிறத்தின்மேல் செம்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாகத் தெளித்திருந்தன. மொத்தத்தில் இரண்டு முறைதான் அவ்வாறு பார்த்தோம். கைபேசியோடு வந்த பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. படம் எடுக்க நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்து போய்விடும். அக்கினி போன்ற அந்த வெயிலில் கால்மணி நேரம் திறந்து கிடந்தால் முட்டைகள் வெந்துபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து, நாம் எதைப் பார்க்கிறோம் என்று காகம் பார்த்துக்கொண்டிருப்பது. இந்தக் காரணத்தால்தான் பொறுப்புள்ள பறவை ஆர்வலர்கள் கூட்டின் படங்களை வெளியிடுவதைத் தவிர்க்கிறார்கள்.

இனி, சிக்கலுக்கு வருவோம். மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழா. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், உலகம் தொழிலாளர் நாளாகக் கொண்டாடும் அந்த நாளையே இவ்விழாவுக்கெனக் குறித்தார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த எங்கள் பங்கில் அது பெருவிழா. ஏப்ரல் 22ஆம் நாள் கொடியேற்றம். ஒன்பது நாள் நவநாள். பின்னர்த் தேர்ப்பவனி, வாணவேடிக்கை. கோவில் முகப்பிலிருந்து பங்கு இல்லத்து வாசல் வரை சீரியல் விளக்குகள் தொங்கும். பந்தலின்மீது அவை அடர்த்தியாகச் சுற்றப்படுவது வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் வந்து நின்று படமெடுத்துக்கொள்ளும் இடமே அதுதான். முட்டைகள் ஏப்ரல் 12ஆம் நாளுக்குள் இடப்பட்டுவிட்டன. கொண்டைக்குருவி அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். பொரித்த பின் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற மேலும் பன்னிரண்டு நாள் வரை செல்லும். விரலால் எண்ணிப் பார்த்தால், திருவிழாவின் ஒன்பது நாளும் அந்தக் கணக்கின் நட்டநடுவே வந்து உட்கார்ந்திருந்தன.

பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதை முன்வைத்தபோது சிலர் சிரித்தனர். அது இயல்பே. தேர் அலங்காரத்திற்கு யார் பணம் தருவது, மைக் செட்டுக்காரருக்குச் சென்ற ஆண்டுப் பாக்கி எவ்வளவு என்ற பேச்சுகளுக்கிடையே குருவிக் கூடு நுழைந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் உலைக்கு முன்னே நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர். "வருடம் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்கிறவன், சாமி, ஒரு நாளாவது தன் கோவில் ஜொலிப்பதைப் பார்க்க வேண்டாமா? அவன் வீட்டுக்கு இப்படி விளக்குப் போட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். இது அற்பமான வாதம் அன்று. ஏழையின் மகிழ்ச்சியைச் சுருக்கிப் பறவையைக் காப்பது எளிது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மகிழ்ச்சியைச் சுருக்கிக்கொள்ளாதவர்களாக இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். நாங்கள் அவருக்கு உடனே மறுமொழி கூறவில்லை.

இளையோர் அணியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி பொத்தக்குடியைப் பற்றிச் சொன்னாள். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் அது. 2020இல், ஊரடங்குக் காலத்தில், அவ்வூரின் தெருவிளக்குகளை இயக்கும் பொத்தான் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. விளக்கைப் போட வேண்டுமானால் பெட்டிக்குள் கை விட்டாக வேண்டும். ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் இருப்பதா என்று முதலில் சிலர் மறுத்தார்கள். பிறகு ஊர் கூடிப் பேசி, ஊராட்சியும் இசைந்து, ஏறத்தாழ 35 தெருவிளக்குகளை அணைத்தே வைத்தார்கள். ஒரு மாதத்திற்கும் மேலாக, குஞ்சுகள் பறந்து போகும்வரை, தெருக்கள் இருண்டு கிடந்தன. இரவில் வெளியே போக வேண்டியவர்கள் கைவிளக்கோடு போனார்கள்.

வேடந்தாங்கலை நாம் எல்லோரும் அறிவோம். 1790களில், பறவைகளைச் சுட்டு வீழ்த்திய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிராக அவ்வூர் மக்கள் செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள் என்பது வரலாறு. ஆனால் வேடந்தாங்கலாருக்கு அதில் ஓர் ஆதாயமும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை; உழவன் ஆதாயம் பார்ப்பதில் தவறு என்ன? பொத்தக்குடியில் அந்த ஆதாயமும் இல்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குருவி. அது வளர்ந்து போனால் திரும்பி வரும் என்றுகூட உறுதியில்லை. எங்கள் பந்தலில் இருந்ததும் அந்த வகைதான்.

இரவு வெளிச்சம் பறவைகளை வெறுமனே கூசச் செய்வதோடு நிற்பதில்லை. அவை பாடத் தொடங்கும் நேரத்தையும், ஆண்டில் இனம் பெருக்கும் காலத்தையுமே அது முன்னுக்கு இழுக்கிறது என்று ஐரோப்பிய நகரங்களில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அடைகாக்கும் பறவையின் தலைக்கு ஒரு முழ தூரத்தில் நூறு குமிழ்கள் மினுங்கி மினுங்கி அணைந்தால் அது என்ன செய்யும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

கடைசியில் வழி சொன்னவர் விளக்குக்காரர். கோவில் முகப்பிலும் கோபுரத்திலும் இன்னும் கூடுதலாக விளக்குப் போடலாம், பங்கு இல்லத்து வாசலையும் எலுமிச்சைப் பக்கத்தையும் விட்டுவிடலாம் என்றார். கூலியில் மட்டும் குறைக்க முடியாது என்று சேர்த்துக்கொண்டார். வெடிகள் ஏரிக்கரைத் திடலுக்கு மாற்றப்பட்டன. பந்தலை நோக்கியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை உபதேசியார் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினார். மூத்தவர் ஒப்புக்கொண்டாரே தவிர உவப்போடு ஒப்புக்கொள்ளவில்லை. திருவிழா முடியும்வரை எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்த இருண்ட பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 25ஆம் நாள் முட்டைகள் பொரித்தன. அதன் பின் நாங்கள் கண்டது உழைப்பு என்று சொன்னால் போதாது. நவநாளின் செபமாலையை வராந்தாவில் சொல்லி முடிப்பதற்குள் நான்கைந்து முறையேனும் தாயும் தந்தையும் மாறி மாறி வந்தன. வாயில் பச்சைப் புழு, வெட்டுக்கிளி, சிலந்தி. வளர்ந்த கொண்டைக்குருவி பழம் தின்னும் பறவை. எங்கள் கொய்யாவில் ஒன்றையும் முழுதாக விட்டுவைத்ததில்லை. ஆயினும் குஞ்சுக்குத் தேவை புழு பூச்சி. பழத்தையும் தானியத்தையும் தின்னும் பறவைகள் பலவும் குஞ்சுகளைப் பூச்சி ஊட்டித்தான் வளர்க்கின்றன. இதை மறந்த ஒரு நாடு பட்ட பாடு பெரிது: 1958இல் சீனாவில், தானியம் தின்னும் கள்ளன் என்று சிட்டுக்குருவிகளைக் கோடிக்கணக்கில் கொன்றார்கள், குருவி போனபின் வயலில் பூச்சிகள் பெருகின, அடுத்து வந்த கொடும் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1960இல் அந்தப் பகைவர் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். எங்கள் எலுமிச்சைக்கு மருந்தடிக்கவென்று வாங்கி வைத்திருந்த புட்டி அந்த மாதம் அலமாரியிலேயே இருந்தது.

இன்னொன்றையும் கண்டோம். குஞ்சின் எச்சம் ஒரு மெல்லிய வெள்ளைப் பைக்குள் அடைபட்டு வருகிறது. ஊட்டி முடித்த பறவை அந்தப் பையை அலகால் கவ்வி எடுத்துத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். கூடு நாறுவதில்லை; மோப்பம் பிடித்து எதிரி வருவதும் குறைகிறது. பிள்ளை வளர்த்தவர் ஆகையால் அக்காள் இதை எங்களைவிட நன்கு புரிந்துகொண்டார். நண்பகலில், மல்லிகை இலைகளின் இடுக்கில் வெயில் நேராக விழும்போது, ஒரு பறவை இறக்கைகளைச் சற்று அகற்றிக் கூட்டின்மேல் நின்றது. வாய் திறந்து இளைத்தபடி, குஞ்சுகளுக்கு நிழலாக, ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

பறவைக் கூட்டின் முன் இப்படி நேரத்தைச் செலவிடுவது வேலையற்றவர் செய்யும் வேலை என்று நினைப்பவர் உண்டு. சாலிம் அலி அதை மறுக்க மாட்டார். 1930இல் அவர் வேலையற்றுத்தான் இருந்தார். பம்பாய்க்கு அருகே கடலோரத்துக் கிகீம் என்னும் ஊரில் குடும்பத்து வீட்டில் தங்கியிருந்தபோது, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை ஏணியில் அமர்ந்து மாதக்கணக்கில் பார்த்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி வைக்கிறது. பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து சோதித்து, பிடித்தால் ஏற்றுக்கொள்கிறது. அது முட்டையிட்டு அமர்ந்தபின், ஆண் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி இன்னொரு பெண்ணுக்குக் காத்திருக்கிறது. அதுவரை எவரும் தெளிவாக அறியாத இச்செய்தி அந்த வேலையற்ற நாள்களின் விளைச்சல். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரின் ஆலயப் பணியாளர் கில்பர்ட் ஒயிட், 1789இல் தாம் வெளியிட்ட நூலில், மண்கூடு கட்டும் தகைவிலான் குருவிகள் காலையில் மட்டும் கட்டிவிட்டு, பூசிய மண் காய்ந்து இறுகட்டும் என்று நாளின் மீதிப்பொழுதை விட்டுவிடுவதைக் குறித்திருக்கிறார். எங்கள் மறைமாவட்டத்திலும் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் குருக்கள் பலர் உள்ளனர். இதை அவர்கள் கவனத்துக்கு வைக்கிறோம். தமிழில் இத்துறைக்கு வாய்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு சென்னை வீட்டைச் சுற்றிய காகத்தையும் அணிலையும் பற்றி அவர் எழுதினார். 1950இல் ஒரு கல்கத்தா நாளிதழில் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை நிறுத்தவில்லை.

எங்கள் பந்தலைப் பார்க்க நாள்தோறும் வந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்திலிருந்து வந்து கம்பி ஆலையில் வேலை செய்யும் இளைஞர், பழங்குடிக் கத்தோலிக்கர். இரவு வேலை முடிந்ததும் காலைத் திருப்பலிக்கு வருவார்; முடிந்ததும் எங்கள் திண்ணையில் அமர்வார். ஓர் அறையில் எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள்; பகல் வேலைக்காரர்கள் எழுந்து கிளம்பிய பிறகுதான் இவருக்குப் படுக்க இடம். அதுவரை உட்கார ஓரிடம் வேண்டும். பந்தலைக் காட்டி, "புல்புல்" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "இங்கே கௌரையா இல்லையா ஃபாதர்?" என்று கேட்டார். கௌரையா என்றால் சிட்டுக்குருவி. அவர் வீட்டு ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் அவை தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றனவாம். அவருடைய தாய் அவற்றுக்காகவே முற்றத்தில் நொய் இறைப்பாராம். அண்டை மாநிலமான பீகார் 2013இல் சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. ஜார்க்கண்டின் மாநிலப் பறவை குயில். தனக்கென்று கூடு கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிட்டு வைக்கும் பறவை. இதை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "நாங்களும் அப்படித்தானே" என்று தம் அறை இருக்கும் திசையைக் காட்டினார்.

எங்கள் தெருவில் கௌரையா இல்லை. கைபேசிக் கோபுரங்களே காரணம் என்று மக்கள் சொல்வார்கள். 2018இல் வந்த 2.0 என்னும் திரைப்படம் அந்த நம்பிக்கையை மேலும் உறுதியாக்கிவிட்டது. அதற்குத் திடமான சான்று இல்லை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவிகள் பெரிதும் குறைந்துவிடவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கின்றன என்று கூறுகிறது. ஓட்டு வீடு இடிந்து கான்கிரீட்டு வீடு வந்தால் குருவிக்குக் கூடு கட்டச் சந்து இல்லை; களத்துமேடு போனால் சிந்திய நெல் இல்லை; மருந்து தெளித்த தோட்டத்தில் குஞ்சுக்குப் புழு இல்லை. காரணம் இவ்வளவு கண்ணெதிரே இருக்கையில் கோபுரத்தைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி உண்டு: கோபுரம் நம்முடையது அன்று.

மத்தேயு நற்செய்தியில் குருவியின் விலை காசுக்கு இரண்டு. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. சாலிம் அலி 1985இல் தம் தன்வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று தலைப்பிட்டார். பத்து வயதைக் கடந்த பருவத்தில் அவர் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு குருவிதான் அவரைப் பறவைகளின் பக்கம் திருப்பியது. அத்தலைப்பின் வேர் அந்த நற்செய்திப் பகுதியில் இருக்கிறது.

மே 3ஆம் நாள் பிற்பகல், திருவிழா முடிந்து பந்தல்காரர்கள் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். எலுமிச்சைக்குள்ளிருந்து செம்போத்து ஒன்று ஓசையின்றித் தாவி வந்தது. கொண்டைக்குருவிகள் இரண்டும் அலறிய அலறலைக் கேட்டு அக்காள் துடைப்பத்தோடு ஓடினார். திண்ணையில் இருந்த ஜார்க்கண்டு இளைஞர் கையைத் தட்டிக் கத்தினார். செம்போத்து பறந்துபோனது. கூட்டில் மூன்றுக்குப் பதில் இரண்டு தலைகளே தெரிந்தன.

விளக்கைத் தவிர்த்து, வெடியை மாற்றி, ஒலிபெருக்கியைத் திருப்பிக் காத்தது அனைத்தும் அரை நிமிடத்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. "அந்தப் பறவையையும் கடவுள்தானே படைத்தார், சாமி?" என்று அக்காள் கேட்டார். கோபமாகக் கேட்டாரா, ஆறுதல் தேடிக் கேட்டாரா என்று புரியவில்லை. குருமடத்தில் தீமையின் தோற்றம் பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்திருக்கிறோம். தேர்விலும் நல்ல மதிப்பெண்தான். அந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தையும் துடைப்பத்தோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் திறந்து காட்ட முடியும் என்று தோன்றவில்லை. செம்போத்துக்கும் பசி உண்டு என்று மட்டும் சொன்னோம். அது உண்மை, ஆறுதல் அன்று. தாய்ப்பறவை கால்மணி நேரத்துக்குள் புழுவோடு திரும்பி வந்து, மிஞ்சிய இரண்டு வாய்களில் ஒன்றில் அதை வைத்துவிட்டுப் போயிற்று. துக்கம் கொண்டாட அதற்கு நேரம் இல்லை. அல்லது அதன் துக்கம் நமக்குத் தெரியும் வடிவில் இல்லை.

பந்தலைச் சுற்றி வலை கட்டிவிடலாமா என்று உபதேசியார் கேட்டார். வலை கட்டினால் பெற்றோரும் உள்ளே போக முடியாது. கூண்டில் எடுத்து வைத்து வளர்க்கலாமே என்று பந்தல்காரர்களில் ஒருவர் சொன்னார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்தக் குஞ்சுகள் எங்களுடையவை அல்ல என்பதுதான் முதல் காரணம். எங்களால் செய்யக் கூடியவை மிகச் சில: தரையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர், வாசலில் ஆள் இருப்பது, மருந்தடிக்காமல் இருப்பது, மல்லிகை பறிக்காமல் இருப்பது. பட்டியலில் பெரும்பகுதி "செய்யாமல் இருப்பது" என்று முடிவதைக் கவனித்த அக்காள், இவ்வளவு சுலபமான வேலையைத் தமக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்றார். அது உண்மையில் சுலபமாக இல்லை. கண்ணெதிரே பூத்துக் காய்ந்து உதிர்ந்த மல்லிகையைப் பார்த்து அவர் பட்ட வேதனையை நாங்கள் அறிவோம்.

மே 7ஆம் நாள் காலை ஒரு குஞ்சும், மாலைக்குள் மற்றதும் கூட்டை விட்டு இறங்கின. இறங்கின என்றே சொல்ல வேண்டும்; பறந்தன என்று சொல்ல முடியாது. வால் முளைத்தும் முளையாத நிலை. செம்பருத்திச் செடியின் தாழ்ந்த கிளையில் ஒன்று, கிணற்றுச் சுவரோரம் ஒன்று. தெருப் பிள்ளைகள் "குஞ்சு விழுந்துவிட்டது" என்று ஓடி வந்தார்கள். விழவில்லை, பெற்றோர் அருகிலிருந்து இன்னும் பல நாள் ஊட்டும், அதன் பிறகே நன்றாகப் பறக்கும். உடலில் சிறகு முளைக்காத பச்சைக் குஞ்சு கீழே கிடந்தால் மட்டும் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பழைய நம்பிக்கையே அன்றி உண்மை அன்று. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபின், கிணற்றுச் சுவர்க் குஞ்சுக்கு அவர்களே காவல் ஆனார்கள். அடுத்த வீட்டுப் பூனைக்கு ஒரு வாரம் எங்கள் செலவில் மீன் தலை போயிற்று. அது தன் வீட்டை விட்டு நகரவில்லை.

ஜார்க்கண்டு இளைஞர் கத்திரி வெயில் முடிவதற்குள் ஒரகடம் பக்கம் வேறு ஆலைக்குப் போய்விட்டார். அங்கே அறையில் ஆறு பேர்தானாம், தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "புல்புல் குஞ்சு?" என்று கேட்டார். இரண்டும் முருங்கையில் இருக்கின்றன என்றோம்.

ஜூன் பிறந்ததும் அதே இணையோ வேறு இணையோ, எலுமிச்சையில் மறுபடி கூடு கட்டியது. கொண்டைக்குருவி ஆண்டில் இரண்டு மூன்று முறை கூட முட்டையிடும். எலுமிச்சைக்கு அரை அடி தள்ளி நிற்பது பங்கு இல்லத்தின் பக்கச் சுவர். அதற்கு வண்ணம் அடிக்க ஆள் பேசி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. பேரவையில் பேச்சு வந்தபோது எங்களுக்கு முன்பே வாய் திறந்தவர் அந்த மூத்தவர்தான். "ஜூலைக்குத் தள்ளிப் போடுங்கள்" என்று பொருளாளரிடம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஜூலையிலும் அது முட்டை வைத்தால் என்ன செய்வீர்கள் சாமி?" என்று கேட்டார். முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று வண்ணக்காரர் சொல்லியிருக்கிறார். பொருளாளர் இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.